எண்ணாயிரம் பேரின் தலைநகரம்

வெள்ளி காலை ஐந்தரைக்குக் கனடாவில், மல்வேர்னில் இருந்து புறப்பட்டோம். காரில் நானும் மகள் துளசியும். போன இடம் வெர்மொண்ட் மாநிலத்தின் தலைநகர் மொண்ட்பீலியர். ஏறக்குறைய 680 கிலோமீற்றர். அங்கே ஆற்று வெள்ளத்தைக் கவனிக்கும் அரசாங்கப் பிரிவில் அவளுக்குப் பொறியியலாளர் வேலை வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் எழுதவேண்டும். மனைவி காலமானபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். அவளை ‘வேண்டாம்’ என்று சொல்லவைக்கத்தான் நான் கூடப் போனேன். வெல்வேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கோர்ன்வோல் பாலத்தால் அமெரிக்க எல்லையைக் கடந்ததும் தொடங்கினேன்.

“அங்கை தமிழ்க் கடை இருக்கோ?”

“இல்லையப்பா.”

“கோயில்?”

“இல்லை.”

“அப்ப முருங்கைக்காய்க்கு எங்கை போவாய்?”

“மொன்றியலுக்கு. ரெண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. நான் பாத்திட்டன், அப்பா.”

ஒன்று நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். அமெரிக்க மாநிலத் தலைநகரங்களில் ஆகச் சிறியது இதுதான். சுமார் எண்ணாயிரம் பேர். எங்கள் பக்கத்து மாடிக் கட்டடங்கள் பத்துப் பன்னிரண்டுக்குள் அடக்கிவிடலாம். பிரதான வீதியைப் பத்து நிமிடத்தில் நடந்து முடித்தேன். ஒரு பக்கம் மரம் மூடிய குன்று, மறுபக்கம் ஆறு. மேப்பிள் ஐஸ்கிறீம் ஆறு டொலர், ஓர் இரவுக்கு அறை வாடகை 160. ஐஸ்கிறீமைக் குறை சொல்ல என்னாலேயே முடியவில்லை.

மூன்று மணிக்குச் சட்டசபைக் கட்டடம். பொன்முலாம் பூசிய கும்மட்டம், அதன் உச்சியில் பயிர்த் தெய்வத்தின் மரச்சிலை. எந்த ஊருக்குப் போனாலும் குடும்பத்தின் பத்திரங்கள் முழுவதையும் ஒரு ஃபைலில் கொண்டுபோவது என் வழக்கம். யுத்த காலத்தில் கொழும்பில் சந்திக்குச் சந்தி ஆமிக்காரருக்கு அடையாள அட்டை நீட்டிய கை அல்லவா! வாசலில் நின்ற முதியவரிடம், கேட்காமலே, கடவுச்சீட்டு, குடியுரிமை அட்டை, துளசியின் பிறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக நீட்டினேன்.

“இவை எதற்கு? கதவு திறந்துதானே இருக்கிறது, உள்ளே போங்கள்” என்றார் அவர்.

துளசி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இந்த ஊரில் பிள்ளையை யாரும் மறிக்கமாட்டார்கள் என்று தெரிந்ததில், நான் அடுக்கி வைத்திருந்த காரணங்களில் ஒன்று போயிற்று.

சனி காலை ஒரு புத்தகக் கடை. 2023 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கடைக்காரப் பெண் சுவரில் கோடு போட்டு வைத்திருந்தார். என் நெஞ்சளவு. துளசி தரையில் குந்திவிட்டாள். நிலவறையில் எந்தப் பக்கத்தால் தண்ணீர் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை மணிக்கு வடிந்தது என்று கேட்டுக் கேட்டுக் குறித்தாள். முக்கால் மணி நேரம் போனது. பக்கத்துக் கடைக்காரரும் வந்து அவளிடம் சொல்லத் தொடங்கினார். வீட்டில் போன் சார்ஜரை எங்கே வைத்தேன் என்று தேடும் பிள்ளையா இது! எனக்குப் பெருமையாக இருந்தது; பயமாகவும் இருந்தது.

இரண்டு மணிக்குக் காரில் ஏறினோம். நான் சீற் பெல்ற்றைப் போட்டேன்.

“வேலைக்கு ஓம் எண்டு பதில் எழுது, பிள்ளை.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து எழுதி அனுப்பிவிட்டுக் காரை எடுத்தாள். ஊர் எல்லை தாண்டுமுன்னே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அப்பா, நீங்கள்தானே எழுதச் சொன்னனீங்கள். இப்ப ஏன் அழுறியள்?”

“சொன்னதும் சரிதான், அழுறதும் சரிதான். நீ றோட்டைப் பாத்து ஓடு.”