சிலேட்டைப் பார்க்காமல் வரைந்த முகம்

என் சிலேட்டை அக்கா பிடுங்கி வைத்துக்கொண்டதை நினைத்தால், இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மலாயாவில் ஈப்போவை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தோம். நான் பெரிய ஓவியன் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்திருந்த காலம். அம்மாவை வரைந்தாலும் கங்காணியை வரைந்தாலும் ஒரே முகம்தான்: ஒரு வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு. அதுவரை வாய் திறக்காத அக்கா திடீரென்று குறை கண்டுபிடித்தாள்.

"நீ சிலேட்டத்தானடா பார்க்குற, ஆளையா பார்க்குற?"

உடனே சட்டம் போட்டாள். ஆளை மட்டுமே பார்க்க வேண்டும். சிலேட்டைப் பார்க்கவே கூடாது. படம் முடியும்வரை குச்சியைத் தூக்கவும் கூடாது. ஆட்டை வைத்துப் பழக்கினாள். ஆட்டுக்குத் தாடி முதுகில் முளைத்தது. "இப்பத்தான்டா நம்ம ஆடு மாதிரியே இருக்கு" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று குமைந்தேன்.

பிறகு கோலா கங்சார் பக்கமிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். தலை நிமிர்ந்தால் காலை ஒடிப்பேன் என்று அம்மா மிரட்டியிருந்தாள். அக்கா தரையைப் பார்த்தபடி காப்பி கொடுத்தாள், தரையைப் பார்த்தபடியே போனாள். ஆனால் மாப்பிள்ளைக்கு நேர் எதிரே என்னைச் சிலேட்டோடு முன்பே உட்கார வைத்திருந்தாள்.

நான் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சட்டம் என்றால் சட்டம்தானே!

"என்னா தம்பி, என் மூஞ்சியில ஏதும் ஒட்டியிருக்கா?" என்றார் அவர்.

பதில் சொன்னால் கோடு கோணும். சொல்லாவிட்டால் அப்பா தோலை உரிப்பார். ஓவியன் குச்சியை நிறுத்தாமல் இழுத்தான்.

மாப்பிள்ளையின் தாயார் அம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, இந்தப் பய கண்ணு சிமிட்டாம மொறைக்கிறானே, இது ஒங்க பரம்பரையில உள்ளதா?"

என் கை வெடவெடத்தது. வரைந்துகொண்டிருந்த வாய் அந்த நடுக்கத்தில் மேல்நோக்கி வளைந்து போயிற்று.

"விடும்மா, சின்னப் புள்ளதானே" என்றார் மாப்பிள்ளை. அப்பா விடவில்லை. காதைத் திருகி என்னைப் பின்கட்டுக்குத் தள்ளினார். அங்கே காத்திருந்த அக்கா சிலேட்டைப் பறித்தாள்.

"மூக்கு ஏன்டா காதுகிட்டப் போச்சு?"

"பார்க்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன!"

"கத்தாத. இது சிரிப்பாடா?" வாயைத் தொடாமல் விரலால் காட்டினாள்.

"படம் எப்படி இருக்கு, அதச் சொல்லு மொதல்ல!"

சிலேட்டை ஓரத்தில் பிடித்து உள்ளே கொண்டுபோய்விட்டாள். பாராட்டு வேண்டாம், சிலேட்டையாவது தர வேண்டாமா? மறுநாள் அழித்துக் கொடு என்றேன். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றாள். வெறுங்கையோடு பள்ளிக்கூடம் போய் வாத்தியாரிடம் பிரம்படி வாங்கினேன். கல்யாணம் நடக்கும்வரை அது அரிசிப் பெட்டிக்குப் பின்னால், சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது. ஆளில்லாத நேரத்தில் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். அடுத்தவன் பொருளை வைத்துக்கொண்டு இவளுக்கு அப்படி என்ன பார்வை என்று நான் கொதித்தேன். கூட வாழப்போகிற மனிதனின் முகத்தை அவள் வேறு எங்கே போய்ப் பார்ப்பாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.