சபிஹா கேட்டு வாங்கிய மன்னிப்பு

சிரியாவில் தீவிரவாதக் குழுவில் சேர்ந்தவர் என்று ஒரு செய்திச் சேனல் ஹஸ்ஸானின் படத்தை நாள் முழுக்கக் காட்டியது. அவனோ மஸ்கட்டில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமையல்காரன். அதே பெயருள்ள வேறு எவனுக்கோ பதிலாக இவன் படத்தைப் போட்டுவிட்டார்கள். நன்னிலத்தில் தையல்கடை வைத்திருக்கும் அவன் தங்கை சபிஹா சேனலுக்குப் பலமுறை போன் செய்தும் யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் உள்ளூர்க் கட்சித் தலைவர் ஒருவர் இந்தச் செய்தியை வைத்துக் கண்டனம் பேசவே நிருபர்களைக் கூட்டினார். சபிஹா நேராக உள்ளே போய், வீடியோ காலில் இருந்த அண்ணனைக் கேமராக்களுக்கு முன் நீட்டினாள்.

"இவர்தாங்க ஹஸ்ஸான். எங்க இருக்கார்னு நீங்களே கேளுங்க."

"மஸ்கட்லதாங்க. ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்கணும், சீக்கிரம் கேளுங்க," என்றான் கையில் கரண்டியோடு ஹஸ்ஸான்.

நிருபர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர் எழுந்து போனார்.

மாலையில் சேனல் மன்னிப்புக் கேட்டபோது, சபிஹா கடை டிவியின் சத்தத்தைத் தெருவுக்கே கேட்கும்படி கூட்டி வைத்தாள்.