வெறுங்கையில் உருண்ட தாயம்

என் வீட்டுச் சமையலறை அலமாரியில், அன்றாடம் புழங்கும் பாத்திரங்களோடு சேராமல், ஓர் அலுமினியத் தட்டு தனியாகச் சாய்ந்து நிற்கிறது. அதன் நடுவில் புளியங்கொட்டை உட்காரும் அளவுக்கு ஒரு குழி. இதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழமாவது வாங்கலாமே என்று வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். நான் சிரித்துவிட்டு, தட்டைத் துடைத்து மறுபடி அதே இடத்தில் வைப்பேன். அந்தக் குழி விழுந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இப்போதும் கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய வியப்பாகவும் இருக்கிறது.

அப்போது மலைமேல் நாகலூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். காபிப் பழம் பறிப்பு முடிந்ததும் எஸ்டேட்டில் ஒரு நாடகம் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார்கள். சேலத்திலிருந்து மலையேறி வந்த டீச்சர், கேட்கவா வேண்டும்? பாரதத்தில் சூதாடும் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு நானே வசனம் எழுதிவிட்டேன். பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்தவர் சகுனி. எஸ்டேட் ஜீப் டிரைவர் தர்மர். நல்ல உயரம், கணீரென்ற குரல். ஆனால் முதல் ஒத்திகையில் பித்தளைத் தாயக்கட்டைகளை நீட்டியதும் மனிதர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "மன்னிக்கோணுங்க டீச்சர். சீட்டையும் தாயக்கட்டையையும் கையால தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேனுங்க" என்றார்.

அந்தச் சத்தியத்தின் கதையை அவர் மனைவி பிறகு சொன்னார். அதே எஸ்டேட்டில் பழம் பறிப்பவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். மூன்று வருடங்களுக்கு முன்பு மகளுக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தபோது ஒண்டிக்கடை பஜாருக்கு மருந்து வாங்கப் போன டிரைவர், வழியில் சீட்டாட்டத்தில் உட்கார்ந்து, மறுநாள் காலையில் மருந்தில்லாமல் வந்தாராம். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. சேர்வராயன் கோயிலுக்கு அழைத்துப் போய்ச் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். இன்னொரு தடவை சீட்டில் உட்கார்ந்தால் மகளோடு மலையை விட்டுக் கீழே இறங்கிவிடுவேன் என்று மட்டும் சொன்னாராம். நாடகத்துக்கு வழி சொன்னதும் அவர்தான். "அவரு வெறுங்கையை வீசட்டுமுங்க. மறைவுல உக்காந்து சத்தத்த நான் போடறேன்" என்று வீட்டிலிருந்து இந்தத் தட்டைக் கொண்டுவந்தார். சகுனியும் வெறுங்கையையே வீச வேண்டியிருந்தது. இப்படி ஒரு சூதாட்டத்தை உலகத்திலேயே பார்த்ததில்லை என்று டீக்கடைக்காரர் முனகிக்கொண்டே இருந்தார்.

ஒத்திகை தொடங்கிய பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. எனக்கு வசனம் தெரியும், டிரைவருக்குச் சூது தெரியும். ஒவ்வொரு தோல்விக்கும் தர்மர் கண்ணீர் விடுவதாக எழுதியிருந்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தோக்கறவன் அழுவ மாட்டானுங்க டீச்சர். அழுவறதுக்கு நேரம் ஏதுங்க? அடுத்த ஆட்டம் கண்ணு முன்னால வந்து நிக்குமுங்க. லேசாச் சிரிப்பான்." சகுனியின் இடிச் சிரிப்பும் தப்பு என்றார். ஜெயிக்கிறவனுக்கு எதிராளி எழுந்து போய்விடுவானோ என்ற பயம் இருக்குமாம். அன்பாகப் பேசுவான், டீ வாங்கிக் கொடுப்பான். இரண்டு வாரமாகத் தொண்டை கட்டச் சிரித்துப் பழகிய டீக்கடைக்காரருக்கு முகம் தொங்கிப்போனது. ஆனால் அவர் சிரிப்பை விட்டுவிட்டுத் தர்மருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்து, "இன்னும் ஒரு ஆட்டம்?" என்று கனிவாகக் கேட்டபோது நானே சரி என்று சொல்லியிருப்பேன். அன்றிரவே வசனத்தில் பாதியை அடித்துவிட்டேன்.

அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். எனக்கோ ஆசை அடங்கவில்லை. அந்தத் தோற்கிறவன் சிரிப்பு இன்னும் சரியாக வரவில்லை, ஏதோ குறைகிறது என்று டிரைவரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். நாடகத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது டீக்கடையில் ஒரு பேச்சு அடிபட்டது. கரடியூரில் சீட்டாடுகிற இடத்தில் டிரைவரைப் பார்த்தார்களாம். பதறிப்போய் அவரிடமே கேட்டேன். "ஆடலீங்க டீச்சர், பாக்கத்தான் போனேன். தோக்கறவன் மூஞ்சி எனக்கு மறந்துபோச்சுங்க. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்களே" என்றார். நேராக அக்காவின் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது, நாடகமே வேண்டாம் என்றேன். அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "பாக்கத்தான் போனேன்னு அவருஞ் சொல்றாருங்க. மொத மொத போனப்பவும் பாக்கறதுக்குத்தானுங்க போனாரு" என்றார். உரித்த பல்லைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "ஊரே பாத்துட்டிருக்குது, நாடகம் நடக்கட்டும். தட்டோட நான் வர்றேன்" என்றார். மறுபடி அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், காபி காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் நாடகம். சாக்குகளைத் தைத்துத் திரை கட்டியிருந்தோம். ஒரு பக்கத் திரைக்குப் பின்னால் நான், எதிர்ப்பக்கத்தில் தட்டோடு அக்கா. அவர் பக்கத்தில் புடைத்த கட்டைப்பை ஒன்று இருந்தது. பிளாஸ்க்கும் முறுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மகளும் அவர் மடியில் சாய்ந்திருந்தாள். தர்மர் நாட்டை வைத்தார், தம்பிகளை வைத்தார், தன்னையே வைத்தார். ஒவ்வொரு தடவையும் வெறுங்கை வீச, தட்டில் கட்டைகள் உருள, சகுனி எண்ணைச் சொன்னார். முன்வரிசையில் இருந்த கரடியூர்ச் சீட்டாட்டக்காரர்கள், எதுவுமே இல்லாத தரையை எட்டி எட்டிப் பார்த்தார்கள். தர்மர் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

கடைசியாக, "பாஞ்சாலியை வைக்கிறேன்" என்று சொல்லித் தர்மர் கையை வீசினார். சத்தம் வரவில்லை.

எதிர்ப்பக்கம் பார்த்தேன். அக்கா தாயக்கட்டைகளைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, சாக்கின் இடுக்கு வழியாகப் புருஷனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை ஆட்டினேன், தலையில் அடித்துக்கொண்டேன்; அவர் திரும்பவே இல்லை. டீக்கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. "விழுந்துருச்சுன்னு வெச்சுக்கலாமுங்க, எண்ணைச் சொல்லிரட்டுங்களா?" என்று அவர் தர்மரிடம் பல்லுக்குள் முனகியது எனக்கே கேட்டது. டிரைவர் வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. திரையைப் பார்க்கவில்லை, அவசரப்படவில்லை. நீட்டிய உள்ளங்கையை மடக்காமல் அப்படியே நின்றார். "ஏனுங்க, என்ன விழுந்துச்சு?" என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு அக்கா கையை உயர்த்திக் கட்டைகளைத் தட்டில் ஓங்கிப் போட்டார். களமே அதிரும்படி சத்தம் எழுந்தது. பாஞ்சாலி சபைக்கு வந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது மேட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அக்கா ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிவிட்டு, மகளின் தலையைக் கோதத் தொடங்கினார்.

மறு வருடம் எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. விடைபெறப் போனபோது அக்கா இந்தத் தட்டையும் தாயக்கட்டைகளையும் ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார். இந்தத் தட்டில் சோறு போட மனசு வரவில்லை என்றார். அன்று ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். "சூதாடறவனுக்குப் பொறுக்காதுங்க டீச்சர். என்ன விழுந்துச்சுன்னு தெரியாம ஒரு நிமிசம் அவனால நிக்க முடியாது. மறுபடி ஆடப் போயிருந்தார்னா கை தானா மடங்கியிருக்கும். இவரு நின்னாரு பாருங்க, அப்பத்தான் நம்புனேன்." நிற்காமல் போயிருந்தால் என்று கேட்டேன். "நாலரை பஸ்ஸுங்க. அந்தப் பையில எனக்கும் புள்ளைக்கும் துணி எடுத்து வெச்சிருந்தேன்" என்றார், ஏதோ ரேஷன் கடைக்குப் போகவிருந்ததுபோல. முறுக்கு என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்ல!

இப்போது என் பள்ளியில் பிள்ளைகள் அதே காட்சியை நடிக்கிறார்கள். தாயம் உருளும் சத்தத்தைப் போனிலேயே போட்டுவிடலாம் மிஸ் என்றார்கள். நான் கேட்காமல் தட்டைக் கொண்டுபோனேன். தர்மராக நடிக்கும் பத்தாம் வகுப்பு மாணவி அந்தக் குழியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கடைசி வீச்சில் எவ்வளவு நேரம் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று கேட்டாள்.

"தட்டுல சத்தம் வர்ற வரைக்கும்" என்றேன்.

"வரலைன்னா?"

"அப்பவும் நிக்கணும்."