அத்தாயியின் உலக்கைப் பாட்டு

வளப்பூர் நாட்டில் நின்றுகொண்டு அத்தாயி ஒரு வசவை எடுத்து விட்டால், மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சிச் சந்தையில் கூடையில் இருக்கும் கத்தரிக்காய் வாடும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். கத்தரிக்காய் வாடியதை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவள் குரலுக்குப் பக்கத்துக் குன்றில் மேய்ந்த எருமை தலையைத் தூக்கியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் என்னைப் போன்றவர்கள்தான் என்பதால் எருமையையும் பாதியாக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலைக்கு ரோடு வராத காலம் அது. மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வெள்ளைக்காரத் துரைகள் ஆள் சுமக்கும் டோலியில் உட்கார்ந்து மேலே வருவார்கள். மலைக்காரர்கள் பலாப்பழத்தைத் தலையில் வைத்துக் கீழே இறங்குவார்கள். இரண்டுக்கும் ஒரே தடம்தான். பழமாவது போகிற வழியில் மணக்கும்.

அத்தாயியின் புருஷன் மலைக்காய்ச்சலில் போய்விட்டான். மிச்சம் இருந்தது மகள் பொன்னாயி, ஒரு துண்டுச் சாமைக்காடு, ஒரு பலாமரம். போன வருஷத்துச் சாமை தீர்ந்து புதுச் சாமை விளையும் வரைக்கும் தாயும் மகளும் அந்த மரத்தைத்தான் தின்றார்கள். முதலில் சுளையை, பிறகு கொட்டையை. அதன்மேல் படர்ந்திருந்த மிளகுக்கொடிதான் அவர்களுக்கு உப்பு, துணி, எல்லாம். மரம் போனால் மழைமாதம் பட்டினி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் குற்றமில்லை.

மரத்துக்கு மேற்கே ஊர்க்கவுண்டர் கருப்பண்ணனின் மாட்டுப்பட்டி. ஊருக்குத் தலைவர், நியாயம் சொல்கிறவர், பெரிய மனுஷர். ஒரு வைகாசி காலையில் அவர் ஆளை ஏற்றி, மேற்குப் பக்கத்துக் கிளைகளில் இருந்த பழங்களை எல்லாம் இறக்கிவிட்டார். அத்தாயி ஓடி வந்தாள்.

"ஏனுங்க கவுண்டரே, எம்மரத்துல உங்களுக்கென்னங்க வேல?"

"மரம் உன்னுது, யாரு இல்லீங்கறா?" என்றார் கவுண்டர், மிகவும் நிதானமாக. "காலையில இதோட நெழலு எங்க விழுது? எம்பட்டியில விழுது. எம்மாடு அதுல படுக்குது. சாணி போடுது. அந்தச் சாணியத் தின்னுதான் இந்தப் பக்கத்து வேரு கொழுக்குது. நெழலு விழற பக்கம் எவனுதோ, அந்தப் பக்கத்துப் பழமும் அவனுது."

கவுண்டர் இதைச் சொந்தமாகவே யோசித்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். எந்த வக்கீலும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்று காலையிலிருந்து உச்சிவெயில் வரைக்கும் அத்தாயி வைதாள். கவுண்டரின் அப்பனை, அப்பனின் அப்பனை, இன்னும் பிறக்காத பேரனை வைதாள். நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தாள். வைத வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எழுதினால் காகிதம் சுருண்டுகொள்ளும்.

மறுநாள் கூட்டம் கூடியது. பிராது கொடுத்தவர் ஊர்க்கவுண்டர். விசாரித்தவர் ஊர்க்கவுண்டர். தீர்ப்புச் சொன்னவரும் அவரே. சாட்சிக்கு மட்டும் வேறு ஆளை வைத்தார், நியாயம் நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா? அது அவருடைய மச்சினன் குப்புசாமி. பழ விஷயம் பிறகு பார்க்கப்படும். வசவு விஷயம் இப்போதே பார்க்கப்படும் என்று முடிவானது. இனிமேல் அத்தாயி வாயிலிருந்து ஒரு வசவு விழுந்தால் மரம் முழுவதும் ஊர்ப்பொது. ஊர்ப்பொதுவைக் காப்பாற்றும் பொறுப்பு யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

அத்தாயி வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இரண்டு நாளில் அவளுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. "எங்கம்மா மூஞ்சி அடுப்புல வச்ச சட்டியாட்டம் இருந்துச்சு" என்று பொன்னாயி சொல்வாள். மூன்றாம் நாள், மிச்சமிருந்த பழைய சாமையைக் குத்தப் போகவேண்டிய முறை வந்தது.

அந்த ஊரில் சாமையைத் தனியாக யாரும் குத்துவதில்லை. ஊருக்கு வெளியே ஒரு சப்பைப் பாறை. அதில் உரல்போலக் குழிகள். ஒரு குழிக்கு மூன்று பெண்கள், மூன்று உலக்கை. ஒன்று இறங்கும்போது ஒன்று ஏற வேண்டும், ஒன்று நடுவில் நிற்க வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பது பாட்டு. முதல் உலக்கைக்காரி அடி எடுப்பாள், இரண்டாமவள் அதைத் திருப்பிப் பாடுவாள், மூன்றாமவள் "ஆமாங்க ஆமா" என்பாள். பாட்டு நின்றால் உலக்கையோடு உலக்கை மோதும், விரல் நசுங்கும். குத்துகிறவளுக்கு வாயில் எது வருகிறதோ அதுதான் பாட்டு. மாமியாரும் வருவாள், மருமகளும் வருவாள். அதனால் பழைய நாளிலிருந்தே ஒரு வழக்கம்: பாறையில் பாடியதைக் கூட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

அன்று அத்தாயிக்கு இரண்டாம் உலக்கை பக்கத்து வீட்டுப் பழனியம்மாள். மூன்றாவது ஊர்க்கவுண்டரின் சம்சாரம் சென்னம்மாள். முறை அப்படி விழுந்தது, நான் என்ன செய்வேன்?

அத்தாயி உலக்கையை ஓங்கினாள். மூன்று நாளாக அடைத்துக் கிடந்தது தொண்டைக்கு ஏறியது.

"ஏ நாசமாப்போன..."

"அத்தாயி!" என்றாள் பழனியம்மாள். "மரம், மரம்!"

அத்தாயி பல்லைக் கடித்து உலக்கையைப் போட்டாள். அடுத்த உலக்கை, அதற்கடுத்த உலக்கை. அடி எடுக்க வேண்டியவள் அவள். வசவைப் பாட்டில் வைத்துப் பார்த்தாள், உட்காரவில்லை. வசவு ஒரே மூச்சில் வெளியே போய்விடுகிறது, பாட்டு அடிக்கோ இரண்டு உலக்கை நேரம் வேண்டும். மிச்ச நேரத்துக்கு என்ன சொல்வது? யோசிக்க வேண்டியதாகிவிட்டது. அத்தாயி வாழ்நாளில் முதல்முறையாக, வாயைத் திறப்பதற்கு முன்னால் யோசித்தாள். ஒரு குழிச் சாமை குத்தி முடிவதற்குள் அது வந்தது.

காலநெழலு உன்னுதுன்னா
கட்டிவச்சுக்கோ கவுண்டரே
உச்சிநெழலு மரத்தடிக்கே
ஓடிவருதே யாருக்கு?

"ஆமாங்க ஆமா" என்றாள் சென்னம்மாள். சொல்லாமல் எப்படி? சொல்லவில்லை என்றால் அவள் விரல்தான் போகும்.

அடுத்த குழிக்கு இன்னொன்று வந்தது.

மலைநெழலு கீழபோயி
முள்ளுக்குறிச்சி மேலவிழுது
முள்ளுக்குறிச்சிக் காரன்வந்தா
மலையத்தூக்கிக் குடுப்பீரோ?

சாமை முடிந்தபோது அத்தாயிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கோபம் முழுசும் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவள் கையில் ஆறிவிட்டது, பாட்டில் ஏறிக்கொண்டது. அன்று இரவு வெறும் சாமைச்சோற்றைத் தின்றுவிட்டு நன்றாகத் தூங்கினாள்.

பாட்டு தூங்கவில்லை. ஒரு வாரத்தில் எல்லாக் குழியிலும் அதுதான். பழம் சுமந்து இறங்கிய ஆண்கள் அதை முனகிக்கொண்டே மலையிறங்கினார்கள். நான் அப்போது முள்ளுக்குறிச்சியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. சந்தையில் கவுண்டர் மிளகு மூட்டையோடு வந்து நின்றபோது உப்புக் கடைக்காரர் எழுந்து கும்பிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"வாங்க கவுண்டரே. உங்க மலையோட நெழலு காலையிலிருந்து எங்க கடை மேல கெடக்குதுங்க. மலைய எப்பங்க எடுத்துக்கலாம்?"

கவுண்டர் மிளகை விற்காமலே மலையேறினார். மறுபடியும் கூட்டம் போட்டார்.

இந்தக் கூட்டம் கொஞ்சம் சிக்கலாக இருந்தது. எந்த அடியில் வசவு இருக்கிறது என்று ஒரு பெரியவர் கேட்டார். காட்டுவதற்காகக் கவுண்டரே பாட்டை முழுவதும் சொல்லவேண்டி வந்தது. சொல்லப் போனவருக்கு ராகம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பாட்டு முடிகிற இடத்தில் கூட்டத்திலிருந்து யாரோ "ஆமாங்க ஆமா" என்றுகூடச் சொல்லிவிட்டார்கள். யார் என்று இன்றுவரை துலங்கவில்லை.

பாறையில் பாடியது கூட்டத்துக்கு வராது என்ற வழக்கத்தைக் கவுண்டராலும் தொட முடியவில்லை. அவர் வழக்கத்தை மதிக்கிறவர். அதனால் வேறு வழி கண்டார்: பாறையில் பாட்டே கூடாது. பாட்டே இல்லை என்றால் வழக்கம் அப்படியே பத்திரமாக இருக்கும். மீறிப் பாடினால் அத்தாயியின் மரம் ஊர்ப்பொது. யார் பாடினாலும் போவது அத்தாயியின் மரம்தான்.

பெண்கள் தலையாட்டினார்கள். தீர்ப்பை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினார்கள். வாய் திறக்காமல் குத்தினார்கள். உலக்கைகள் மோதின. மெதுவாகக் குத்தினார்கள், உமி போகவில்லை. தனித்தனியாகக் குத்தினார்கள், பொழுது போயிற்று, உமி போகவில்லை. கணக்குச் சொல்வதற்காகக் கவுண்டர் மச்சினன் குப்புசாமியைப் பாறையில் நிறுத்தினார். அவன் "ஒண்ணு, ரெண்டு" என்று நன்றாகத்தான் தொடங்கினான். உமித்தூசி மூக்கில் ஏறி "மூணு" வருகிற இடத்தில் தும்மினான். பழனியம்மாளின் கட்டைவிரல் நகம் அன்றைக்குத்தான் போனது. ஊர் ஆண்கள் உமியோடு சோறு தின்றுவிட்டு இருமினார்கள். காடெல்லாம் இருமல் சத்தம். காட்டுப்பன்றிகூட அந்த வருஷம் பயிருக்குப் பக்கத்தில் வரவில்லை என்பார்கள். அதையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

ஆவணியில் கவுண்டர் மகளுக்கு நிச்சயம். சேலூர் நாட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் முதல்நாளே நாலு பேர் வந்து இறங்கினார்கள். இரவுச் சோற்றில் ஒரு வாய் வைத்த சம்பந்தி மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, உங்கூர்ல சாமைய உமியோடதான் சமைக்கறதுங்களா?"

"இன்னிக்கு மட்டுங்க" என்றார் கவுண்டர்.

"நாளைக்கு எங்கூர்ல இருந்து அம்பது பேரு வாராங்க. பொண்ணு குடுக்கற ஊட்டுல சோறு குத்தத் தெரியாதுன்னு யாராச்சும் சொல்லிட்டா, எனக்குத்தானுங்க தலகுனிவு."

விடிந்ததும் கவுண்டர் பாறைக்கு வந்தார். மலைபோல் சாமை குவிந்து கிடந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் உலக்கையைப் பிடித்துக்கொண்டு, தீர்ப்புக்குக் கட்டுப்பட்ட முகத்தோடு நின்றார்கள்.

"பாடுங்க" என்றார் கவுண்டர்.

"என்னத்தங்க பாடறது?" என்றாள் அத்தாயி.

"எதையாச்சும் பாடித் தொலையுங்க புள்ள!"

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதானுங்க. அதும் தடையில கெடக்குது. வாயத் தொறந்தா எம்மரம் போயிருமுங்களே. கூட்டம் போட்டுத் தடைய எடுங்க சாமி."

நின்றபடியே கூட்டம் நடந்தது. அந்த நாட்டின் சரித்திரத்திலேயே சின்னக் கூட்டம் அதுதான். தடை எடுக்கப்பட்டது. கவுண்டர் சம்சாரத்தைப் பார்த்தார். "நீயாவது சும்மா இருடி."

"நான் மூணாவது ஒலக்கைங்க" என்றாள் சென்னம்மாள். "நான் சும்மா இருந்தா நம்ம புள்ளக்கிச் சோறு வேகாது."

உலக்கைகள் ஏறி இறங்கின. காலை நிழல் பாட்டு வந்தது, மலை நிழல் பாட்டு வந்தது. உமி பறந்தது. சாமை முத்துப்போல உதிர்ந்தது. சத்தம் கேட்டுச் சம்பந்தியும் வந்து நின்றார். கவுண்டர் அவரை மறைப்பதுபோலக் குழிக்குப் பக்கத்தில் நகர்ந்தார். காலை வெயில். அவருடைய நிழல் நீளமாக விழுந்து அத்தாயியின் குழிக்குள் தலையை வைத்தது. அத்தாயி அதைப் பார்த்தாள். இந்தமுறை யோசிக்க ஒரு உலக்கை நேரம்கூட ஆகவில்லை.

உங்கநெழலு எங்குழிக்குள்
உருண்டுவந்து விழுந்துபோச்சு
குத்திப்பொடைச்சுத் தாரேனுங்க
கொண்டுபோக வாரீரோ?

"ஆமாங்க ஆமா" என்றாள் சென்னம்மாள். முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாக.

கவுண்டர் சட்டென்று காலைப் பின்னால் எடுத்தார். நிழலும் குழியிலிருந்து எழுந்து அவரோடு போயிற்று. ஐம்பது பெண்கள் சிரித்தார்கள். பத்துப் பேராக இருக்கலாம், ஆனால் ஐம்பது பேர் சிரிப்பு.

சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நல்லாயிருக்குதுங்க. அது எந்த மரமுங்க? யாருதுங்க?"

ஊர் முழுக்க உலக்கையைத் தூக்கிய கையோடு நின்றது. கவுண்டருக்கு மகளின் நிச்சயம் முன்னால், அத்தாயியின் மரம் பின்னால்.

"அத்தாயியுதுங்க" என்றார் கவுண்டர். "முழுசும்."

சோறு பஞ்சுபோல வெந்தது. நிச்சயம் நடந்தது. கடைசி வரைக்கும் அத்தாயி மரத்தில் ஒரு பழமும் யாரும் தொடவில்லை. வேலை முடிந்த பாட்டும் அன்றோடு ஓய்ந்தது.

இதுவரை எழுதியதைப் பொன்னாயிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறாள். கடைசிவரை கேட்டாள். பிறகு தோலைத் தட்டிவிட்டுச் சொன்னாள்:

"ஏனக்கா, எருமையும் பன்னியும் இருந்துட்டுப் போவுது. 'முழுசும்'னு அந்த மனுசன் சொல்லவேயில்ல. 'அத்தாயியுதுங்க, அந்த மேக்கால சாஞ்ச கிளை தவுர'ன்னாரு. அந்தக் கிளைப் பழத்த அவரு பேரனுங்க இன்னும் தின்னுட்டுத்தான் இருக்கறானுங்க. பாட்டு எங்க ஓஞ்சுது? எங்கம்மா சாகறவரைக்கும் வருசத்துக்கு ஒரு பாட்டுச் சேத்துக்கிட்டே இருந்துச்சு. போன வாரம் நாங்கூட ஒண்ணு சேத்தேன்."