காருக்குள் ஒரு நாத்தனார்

ஸ்டியரிங்குக்குக் கீழே தலையும் தெருவில் காலுமாகக் கிடந்தபடியேதான் பகலவன் விசாரணையை நடத்துவார். "நாத்தனாரை மொத்தமா தொரத்தணுமா, வாயை மட்டும் கட்டணுமா?"

நாத்தனார் என்பது, புதுக் கார்களில் கம்பெனியே சிம்மோடு பதித்து அனுப்பும் பெட்டி. வண்டி எங்கே போனது, எவ்வளவு நேரம் நின்றது என்று ஓயாமல் கோள் சொல்லும். அதன் வாயை அடைப்பதில் ஒரகடம் வட்டாரத்தில் பகலவனுக்கு நிகரான எலெக்ட்ரீஷியன் இல்லை. ஓ.டி. பார்ப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு மாமல்லபுரம் போகும் சூப்பர்வைசர்கள் அவரைக் குலதெய்வத்துக்கு அடுத்த படியில் வைத்திருக்கிறார்கள். ஆன்டெனா வயரைப் பிடுங்கி, பெட்டியின் பேட்டரியையும் கழற்றிக் கையில் கொடுக்க இருபது நிமிடம். "மனுசனுக்கு மறைவு வேணும் நைனா" என்ற உபதேசம் இலவசம்.

இந்தக் கொள்கைக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அது அவருடைய செல்போனில் நீலப் புள்ளியாக ஊர்ந்தது. கோபித்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்குப் போன மனைவி ரஞ்சனி ஓட்டிப்போன கார், அவர் பெயரில் வாங்கியது; அதன் நாத்தனார் கோள் சொல்வதும் அவருடைய போனுக்குத்தான். இரண்டு வருடமாக டீ ஆறும்வரை புள்ளியைப் பார்ப்பார். அது சந்தையில் நின்றால், "இன்னிக்கு முருங்கக்கா" என்று தீர்ப்பளிப்பார். மழையில் வேகமெடுத்தால், "மெதுவா போயேன்" என்று போனுக்குப் புத்தி சொல்வார்.

போன வியாழக்கிழமை புள்ளி ஒரகடத்தை நோக்கி வந்தது. பகலவன் அவசரமாக முகம் கழுவினார்.

"நான் ஆஸ்பத்திரிக்கு இன்னாத்துக்குப் போனேன்னு எங்கண்ணன்கிட்ட கேட்டியாமே? மொதல்ல இந்தப் பொட்டியக் கழட்டு," என்றாள் ரஞ்சனி. "யாரைக் கேட்டாலும் உன் கடையத்தான் காட்றாங்க."

"உன்ன நான் ஒரு வார்த்த கேட்டனா, ரஞ்சனி?"

"அதான்யா. ரெண்டு வருசமா பாக்கத் தெரிஞ்சுது. ஒரு போன் போடத் தெரியல."

இருபது நிமிட வேலைக்கு அன்று ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஒப்புக்கு ஏதோ ஒரு வயரை உருவிவிட்டு அனுப்பியிருக்கலாம், அவளுக்குத் தெரியப்போவதில்லை. பகலவன் பேட்டரிவரை சுத்தமாகக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். "தேங்க்ஸ்" என்றாள், வெளியாளுக்குச் சொல்வதுபோல. கார் காஞ்சிபுரம் போகும் பக்கம் திரும்பி மறைந்தது.

போனைத் திறந்தார். புள்ளி அசையவேயில்லை. கடைசியாகக் கண்ட இடம் என்று அது காட்டியது அவருடைய கடைவாசலை.

அடுத்து வந்த வாடிக்கையாளர் அந்தக் காலி இடத்துக்குள் ரிவர்ஸ் எடுத்தார். பகலவன் ஓடிப்போய்க் குறுக்கே கையை நீட்டினார்.

"அங்க வுடாத நைனா. வண்டி நிக்குது."