எங்கள் தெருவில் எட்டு மில்லிமீட்டர் பெய்ததில்லை

மூன்று மழைக்காலமாக எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் மழையை அளப்பவள் நான்தான். சம்பளம் கிடையாது. ஒரு புனல், அதன் கீழே ஒரு தகர உருளை, கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு தடி நோட்டு. இவ்வளவுதான் சாமான். தினமும் காலை ஒன்பதரைக்கு உருளையில் சேர்ந்த தண்ணீரைக் குழாயில் ஊற்ற வேண்டும், கண்ணை நேராக வைத்துப் பார்க்க வேண்டும், எத்தனை மில்லிமீட்டர் என்று முழு எண்ணாக நோட்டில் எழுதி, அதைப் படம் பிடித்து போனில் அனுப்ப வேண்டும்.

அனுப்புவது ஒரு பர்மியப் பெண்ணுக்கு. வெள்ளத்தை முன்கூட்டியே கணிக்கும் ஆராய்ச்சிக் குழுவில் இருக்கிறாள். டீச்சரம்மா என்று மரியாதையாகச் சொல்ல இங்கே பர்மிய மொழியில் சயாமா என்பார்கள். வயதில் என் மகளாக இருக்க வேண்டியவள்தான், ஆனாலும் நான் சயாமா என்றே கூப்பிடுவேன், அவள் என்னை ஆன்ட்டி என்பாள். எங்கள் பபேடான் வட்டாரத்தில் கொட்டுகிற மழையும் ஆற்றில் ஏறுகிற தண்ணீரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் சாக்கடை ஆற்றுக்குப் போகாமல் தெருவுக்கே திரும்பி வருகிறது. எந்தத் தெருவில் எப்போது முழங்கால் ஆழம் நிற்கும் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அவள் ஆராய்ச்சி. அதுவரை எங்களுக்கு வெள்ள எச்சரிக்கை என்றால் கீழ்த்தளத்து பீடாக்கடைக்காரர் பெட்டியைத் தூக்கிப் படியில் வைப்பதுதான். அவர் தூக்கினால் நாங்களும் செருப்பைத் தூக்குவோம்.

சிரிக்காதீர்கள், அந்த ஒன்பதரை மணி எனக்கு உயிர். என் ஒரே பையன் பினாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன அதே வருஷம்தான் அந்தப் புனல் வந்தது. அவன் போனபிறகு வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு டிவியும். அவர் இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கால் இரண்டும் அவருக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டன. மாடிப்படி ஏறுகிறவள் நான் மட்டும்தான். மேலே போய் அந்தக் குழாயைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது நானும் ஏதோ ஒரு காரியத்துக்கு ஆகிறவள் என்று தோன்றும். அதைப் பிடுங்கிக்கொண்டு போனால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

போன மாதம் சயாமா அதைப் பிடுங்கத்தான் வந்தாள்.

மடிக்கணினியோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தேநீரைத் தொடவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினாள். என் மூன்று வருஷத்து எண்களின் கடைசி இலக்கங்களையெல்லாம் பிரித்து, எது எத்தனை முறை வந்தது என்று பட்டை பட்டையாக நிறுத்தி வைத்திருந்தாள். ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் பட்டை உயரமாக நின்றது. எட்டுக்குப் பட்டையே இல்லை. சுழிக்கும் இல்லை. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது அந்தப் படம்.

பக்கத்து லத்தா வட்டாரத்தில் எட்டு பெய்திருக்கிறது, இருபது பெய்திருக்கிறது, உங்கள் மாடியில் மட்டும் மூன்று வருஷமாக இரண்டும் பெய்யவேயில்லையே ஆன்ட்டி என்றாள். மேலதிகாரிகள் பார்த்துவிட்டு, இந்த அம்மா மாடிக்கே போகாமல் வீட்டிலிருந்தபடி எண்களைக் கற்பனை செய்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்களாம். நோட்டு முழுவதையும் தள்ளிவிட்டு, புனலைக் கழற்றி வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! இடியிலும் மின்னலிலும் குடையைப் பிடித்துக்கொண்டு, பாசியில் வழுக்கி ஒருமுறை முழங்கையைப் பெயர்த்துக்கொண்டு அளந்திருக்கிறேன்; என்னைப் பார்த்துக் கற்பனையாம். வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"நோட்டு எழுதினது நான்தான் சயாமா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அவ சரியாத்தான் சொன்னா."

அடப்பாவி மனுஷா. அந்த நோட்டை அவர் கையால் தொட்டதுகூட இல்லை. எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டு, முகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சயாமா அவரைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள், அவர் முழங்காலில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

குட்டை நானே உடைத்தேன். அளந்தது எல்லாம் உண்மை. ஆனால் எட்டு வந்தால் எழுதக் கை வராது. எட்டு சனீஸ்வரனுடைய எண். பையனை அந்நிய தேசத்துக்கு அனுப்பிவிட்டு, தினமும் குளித்து, விளக்கேற்றி, மேலே போய் என் கையாலேயே எட்டு எழுதுவேனா? ஒன்பது என்று எழுதிவிடுவேன். பதினெட்டு பத்தொன்பதாகும். சுழியில் முடிந்தால் ஒன்றைக் கூட்டிவிடுவேன். கல்யாண மொய்க்கு யாராவது ஐம்பது வைப்பார்களா, ஐம்பத்தொன்றுதானே வைப்போம்? மழை மகராசிக்கு மட்டும் மொட்டையாக ஐம்பதா? மழையே இல்லாத நாளைக்குக் கோடுதான் இழுத்தேன், சுழி போடவில்லை. நல்லவேளை, பதினேழு, இருபத்தாறு இவற்றின் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து எட்டு கண்டுபிடிக்கிற அளவுக்கு என் புத்தி போகவில்லை. ஒரு மில்லிமீட்டர்தானே, கொசு மூத்திரம், அதில் என்ன வெள்ளம் வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

சொல்ல ஆரம்பித்தபிறகு வாய் நிற்கவில்லை. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம், அதனால் சனிக்கிழமைகளில் மட்டும் எட்டே முக்காலுக்கே அளந்துவிடுவேன் என்பதையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சயாமா மடிக்கணினியை மூடினாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். தன் அம்மா அளந்திருந்தால் மூன்று வருஷமும் ஒன்பது ஒன்பதாகவே பெய்திருக்கும் என்றாள். பர்மியர்களுக்கு ஒன்பது என்றால் அத்தனை ஆசை. அப்புறம் சிரிப்பை நிறுத்தி, கண்டிப்பாகப் பேசினாள். ஒரே மாதிரி செய்த தப்புக்கு வழி உண்டு. ஒன்றிலும் ஒன்பதிலும் முடிகிற நாட்களுக்கும் சனிக்கிழமைகளுக்கும் சந்தேகக் குறி போட்டுவிட்டு மற்றதைக் காப்பாற்றிவிடலாம், மேலே இருப்பவர்களிடம் அவள் பேசிக்கொள்வாள். ஆனால் இனிமேல் ஒன்பதரை என்றால் ஒன்பதரை, பார்த்ததுதான் எழுத்து.

"இன்னொரு தடவை எட்டு காணாமப் போனா புனலை நானே கழட்டிடுவேன், ஆன்ட்டி."

சரி என்றேன். அவள் தேநீரைக் குடித்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் மழைக்கு என்மேல் என்ன கரிசனமோ, எட்டே வரவில்லை. பன்னிரண்டு, ஐந்து, முப்பத்திரண்டு. ஒருநாள் நாற்பது வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது என்றே எழுதினேன். படியிறங்கி வரும்போதெல்லாம், இன்றைக்குச் சனீஸ்வரர் வந்தாரா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். வாயை மூடுங்கள் என்பேன்.

வந்தார். சனிக்கிழமையே பார்த்து வந்தார். ஒன்பதரை மணி, நல்ல ராகுகாலம், தூறல் விட்டு வெயில் அடிக்கிறது. குழாயைக் கண்ணுக்கு நேரே தூக்கினேன். தண்ணீரின் விளிம்பு கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். நடுவில் குழிந்திருக்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். குழிந்த இடம் எட்டாம் கோட்டில் அசையாமல் நின்றது. குழாயைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து, மேலேயிருந்து பார்த்தால் ஒன்பது மாதிரியும் தெரிந்தது. மாடியில் என்னைத் தவிர யாருமில்லை. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

பேனாவின் மூடியைக் கழற்றினேன். எனக்குப் பயமாக இருந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது. இடது கையால் போனை எடுத்துப் பினாங்குக்குப் போட்டேன். நாலாவது மணியில் எடுத்தான்.

"என்னாம்மா, இந்த நேரத்துல?"

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றான். சாப்பிட்டாயா என்றேன். இன்றைக்கு அரை நாள் லீவு, சோறாக்கி மீன் குழம்பு வைத்திருக்கிறேன், உப்புதான் தூக்கலாகிவிட்டது என்றான். எவ்வளவு உப்பு போட்டாய் என்று கேட்டேன். அவன் சொல்ல ஆரம்பித்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நோட்டைத் திறந்தேன்.

"அங்க என்னாம்மா பண்றே, சத்தத்தையே காணோம்?"

"எட்டு எழுதுறேன்டா. நீ பேசிக்கிட்டே இரு."