குதிரையின் மாலையில் ஐந்தடி குறைந்தது

நடந்தவை, வரிசைப்படி:

1. அண்ணனுக்குப் பள்ளியில் இலவச லேப்டாப் கொடுத்தார்கள்.
2. அத்தை தன் போனிலிருந்து அதற்கு நெட் கொடுத்தார்.
3. காகிதம் மடிக்கச் சொல்லித்தரும் ஒரு பக்கம் என் கண்ணில் பட்டது.
4. அய்யனார் கோயில் குதிரைக்கு மாலை செய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.
5. மாலை எட்டவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை, அப்பாவின் தங்கை. நர்ஸிங் முடித்து, ஆலங்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எங்கள் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தார். குவைத் வேலைக்கு நேர்காணல் முடிந்திருந்தது, ஆர்டர் இன்னும் வரவில்லை. போன் அடித்தால் கை கழுவாமலே ஓடிப்போய் எடுப்பார். அதனால் மாசி மகத்தன்று குதிரைக்கு மாலை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர்க் குதிரை சிமெண்டில் கட்டியது, தென்னைமர உயரம். மாசி மகத்தில் அதன் கழுத்து நிறையக் காகித மாலைகள் விழும். மாலை கழுத்திலிருந்து தரை வரை வர வேண்டும். தரையைத் தொடாவிட்டால் வேண்டுதல் சேராது என்பார்கள்.

அந்த இணையப் பக்கத்தில் ஆளே தெரியாது, இரண்டு கைகள் மட்டும்தான். அவை மடித்த தவளை குதித்தது. மடித்த பூ உள்பக்கம் வெளியே வந்து வேறு பூ ஆனது. பிறகு இரண்டு நிறப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றி மடித்து, தீப்பெட்டி அளவுக்கு ஒரு பொட்டலம் செய்து, இரு முனையையும் பிடித்து இழுத்தன. பொட்டலம் பாம்பாக நீண்டது. நான் போட்ட கூச்சலில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்.

“அத்தே, கடையில வாங்காதீங்க. நான் செய்யிறேன்!”

“விளையாட்டு இல்லடி. வேண்டுதலு.”

“தெரியும். அதான் நல்லாச் செய்யிறேங்குறேன்.”

அத்தை சிரித்துவிட்டு, மறுநாள் ஆலங்குடியிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதம் வாங்கிவந்தார்.

உயரம் தெரிய வேண்டுமே. இணையத்தில் எங்கள் குதிரையின் படம் ஒன்று கிடைத்தது. எங்கள் குதிரை நெட்டில்! அதைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. படத்தில் ஒருவர் நின்றார். ஆள் ஐந்தரை அடி, குதிரையின் கழுத்து அவரைப்போல நான்கு மடங்கு, ஆக இருபத்திரண்டு அடி என்று அண்ணன் ஸ்கேல் வைத்துச் சொன்னான். பத்திரத்துக்கு ஓரடி கூட்டி, அந்தப் பாம்பு மடிப்பிலேயே மாலையை மடித்து முடித்தேன். கோயில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நேரில் போய் அளக்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. இன்று நில அளவைக் கருவியோடு சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நான், இதை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

மாசி மகத்தன்று, குதிரையை ஒட்டிக் கட்டிய சாரத்தின் உச்சியில் நின்ற இளைஞர் ஒருவர் எங்கள் மாலையை வாங்கிக் குதிரையின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார். அது சுழன்று சுழன்று இறங்கி, அத்தையின் தலைக்கு நேரே நின்றுவிட்டது. படத்தில் இருந்தவர் குதிரை அருகே நிற்கவில்லை, கேமராவுக்கு அருகே நின்றிருக்கிறார்.

“எட்டல பாப்பா! குதிரைய மண்டி போடச் சொல்லவா?” என்று மேலே இருந்தவர் கத்தினார். வரிசையே சிரித்தது.

“போட்டோல சரியாத்தான் இருந்துச்சு,” என்றான் அண்ணன்.

“ஏன்டா, இங்கிட்டு வந்து ஒரு கயித்தைப் போட்டுப் பாத்தா ஆகாதா?” என்றார் அம்மா.

அத்தை மாலைக்கும் தரைக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் அந்த இரண்டு கைகளும் நினைவுக்கு வந்தன.

“அத்தே, இழுங்க!”

“கிழிஞ்சுரும்டி.”

“கிழியாது. மடிப்புத்தான அது! மெதுவா இழுங்க!”

அத்தை கையை உயர்த்தி, நுனியைப் பிடித்து இழுத்தார். மேலிருந்து ஒவ்வொரு மடிப்பாக விரிந்தது. சிவப்பும் மஞ்சளும் திருகித் திருகி இறங்கின. இடுப்பு, முழங்கால், கணுக்கால். நுனி மண்ணைத் தொட்டதும் அத்தை அதன்மேல் ஒரு கல்லை வைத்தார்.

“அடேயப்பா, ரப்பருல செஞ்சதா?” என்றார் மேலே இருந்தவர்.

பின்னால் நின்ற ஒரு பெண், அந்த வெப்சைட் பெயர் என்னவென்று என்னிடம் கேட்டார். என்னிடம்! அண்ணனைக்கூட விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

அடுத்த மாதமே ஆர்டர் வந்தது. என் மாலைதான் கொண்டுவந்தது என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். திருச்சி ஏர்போர்ட்டில் எல்லோரும் அழுதபோது நான் மட்டும் குதித்துக் குதித்துக் கையாட்டினேன். அத்தை குவைத்துக்குப் போவார் என்பது எனக்குத் தெரியும். போனால் வீட்டில் இருக்க மாட்டார் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

பதினோரு வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருகிறார். அங்கேதான் இருக்கிறார்.